தேசியப் பூங்காவில் ட்ரோனுக்கு ஏன் தடை?

கேள்வி: அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவுக்குப் போகிறேன். ஆளில்லாத மூலையில் ஐந்து நிமிடம் ட்ரோன் பறக்கவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: ஆளில்லை, சரி, ஆடு இருக்கிறதே! 2014-இல் அதே சயானில் ஒரு ட்ரோன் பெருங்கொம்பு ஆட்டு மந்தையைக் கலைத்து, குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தது. அந்த ஆண்டு ஜூனில் தேசியப் பூங்காக்களில் தடை வந்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். ‘விலங்கு ஓடாவிட்டால் தொந்தரவில்லைதானே?’ என்பீர்கள். மினசோட்டாவில் கருங்கரடிகளின் உடலில் கருவி பொருத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: ட்ரோன் வந்தபோது அவை பெரும்பாலும் அசையவே இல்லை. ஆனால் ஒரு கரடியின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 41-இலிருந்து 162-க்கு எகிறியது. படுத்த இடத்திலேயே பயந்திருக்கிறது, பாவம். கேமராவில் அது அமைதியான கரடியாகத்தான் பதிவாகும்.

வெளியே நின்று பூங்காவுக்குள் பறக்கவிடலாமே என்று குறுக்குவழி தேடாதீர்கள். நீங்கள் நிற்பது எல்லைக்கு எந்தப் பக்கம் என்பது ஆட்டுக்குத் தெரியாது. பறக்கவிட்டே ஆகவேண்டுமென்றால், சயானைச் சுற்றியுள்ள நில மேலாண்மைத் துறை நிலங்களில் பல இடங்களில் ட்ரோனுக்கு அனுமதி உண்டு, அதே செம்பாறைதான். ‘வனப்பகுதி’ (wilderness) என்று சட்டப்படி ஒதுக்கிய இடங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 250 கிராமுக்கு மேலென்றால் ட்ரோனைப் பதிவு செய்யுங்கள், 400 அடியைத் தாண்டாதீர்கள், கண்பார்வைக்குள் வைத்திருங்கள். கிளம்புமுன் அந்தத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.