மேடை லாந்தரின் எரிதலும் எரியாமையும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

நாடக மேடையில் ஏந்தி வரப்படும் அரிக்கேன் விளக்கு யாருக்குக் கட்டுப்பட்டது என்ற கேள்வியை அறிஞர் உலகம் இதுவரை சீண்டவில்லை. கதாநாயகி தீக்குச்சியைக் கிழிக்குமுன் விளக்கு எரிந்துவிடுகிறது. அப்பா விளக்கை ஊதி அணைத்துப் படுத்துக் குறட்டை விட்ட பிறகும் அது பிரகாசிக்கிறது. இவை தற்செயல் அல்ல என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

மண்ணெண்ணெய் ஆய்வு எல்லைக்கு வெளியே. படுதாவும் சவுரியும் நைலான் புடவையும் கூடும் இடத்தில் நிஜச் சுடர் வேண்டாம். மின்வழிக்கு முன்னுதாரணம் உண்டு. லண்டன் சவாய் தியேட்டர் 1881இல் மின்விளக்குக்கு மாறியது. மறு ஆண்டே அங்கு அரங்கேறிய 'அயோலாந்தி'யில் தேவதைகள் தலையில் குட்டி பல்பும் உடையில் மறைத்த பேட்டரியுமாக வந்தார்கள். அந்தக் கால பேட்டரியின் கனத்தோடு எப்படி மிதந்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி கணக்கு. 9 வோல்ட் பேட்டரி, 3 வோல்ட் கேட்கும் வெள்ளை எல்.இ.டி., நடுவே 330 ஓம் ரெசிஸ்டர். ஓடும் மின்சாரம் சுமார் 18 மில்லி ஆம்பியர். நல்ல பேட்டரி ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூடவே தாங்கும். அப்படியானால் சனிக்கிழமை எரிந்தது ஞாயிறு மாலை ஏன் சாகிறது? காட்சி முடிந்ததும் யாரும் அணைக்கவில்லை. பெட்டிக்குள் இரவு முழுக்க வேட்டிகளுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. இதை முதல் விதி எனலாம்.

கட்டுப்பாட்டுக்கு, மேடை விளக்குகளுக்குக் கம்பியில்லாமல் ஆணை அனுப்பும் வயர்லெஸ் டி.எம்.எக்ஸ். உண்டு. லைட்டிங்காரர் பின்னாலிருந்தே ஏற்றி இறக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் உலாவுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், வைஃபையும் ப்ளூடூத்தும் குடியிருக்கும் அதே தெரு. காலி அரங்கில் ஒத்திகை பிரமாதம். மாலையில் கைபேசிகளோடு ரசிகர்கள் வந்தமர்ந்ததும் லாந்தருக்குக் காது மந்தமாகிவிடக்கூடும்.

ஆகவே இவ்வாய்வு பரிந்துரைப்பது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழை. ஸ்விட்சும் அதிலேயே அடக்கம். திரி ஏற்றும் திருகோடு அதைப் பிணைத்துவிட்டால், நடிகை திருகும்போது 'டிக்' என்று எரிந்து மெல்ல ஏறும், திருப்பினால் இறங்கும். எண்ணெய்த் தொட்டிக்குள் பேட்டரி, சிம்னியின் உட்புறம் உப்புத்தாள் தேய்ப்பு, எல்.இ.டி.க்கு மேல் மஞ்சள் ஜெலட்டின் தாள். தீக்குச்சிக்கும் வெளிச்சத்துக்கும் இடைவெளி வராது, இரண்டும் ஒரே ஆளின் கையில் இருப்பதால். லைட்டிங்காரர் கோபித்துக்கொள்வார், அவருக்கு நிலா இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும்.

சபா காரியதரிசிகளுக்கு ஒரு விண்ணப்பம்: மாலைக்கும் பொன்னாடைக்கும் எழுதும் செலவுக் கணக்கில், காட்சிக்கு ஒரு புது பேட்டரி என்றும் ஒரு வரி சேருங்கள்.