ஐஸா, ஒத்தடமா?

கேள்வி: ஷட்டில் ஆடும்போது கணுக்கால் பிசகிவிட்டது. மனைவி ஐஸ் வைக்கச் சொல்கிறார். மாமியாரோ ஒத்தடம் கொடுத்து நன்றாக நீவச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நொண்டும் காலோடு இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்காதீர்கள், முதலில் உட்காருங்கள். முதல் இரண்டு நாளுக்கு என் ஓட்டு மனைவிக்கே. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது, கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைக் கட்டியிருக்கும் நார் இழுபடும், சில நேரம் கிழியும். உள்ளே ரத்தம் கசிகிற நேரத்தில் சூடு வைத்து நீவினால் வீக்கம்தான் கூடும். துணி சுற்றிய ஐஸை ஒரு பதினைந்து நிமிடம் வையுங்கள், காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள்.

இனி சொல்வது மாமியார் காதில் விழ வேண்டாம். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற வைத்தியத்தை 1978-ல் புத்தகம் எழுதிப் பரப்பிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-ல் எழுதிவிட்டார்! ஆகவே வலி அடங்கும் மட்டும் ஐஸ் போதும். பிறகு தாங்குகிற அளவுக்கு நடக்க ஆரம்பியுங்கள். கட்டிலே கதி என்று கிடந்தால் மூட்டு இறுகிவிடும்.

காலால் பிறந்தவரைக் கூட்டி வந்து மிதிக்கச் சொல்லும் மூன்றாவது கட்சி வந்தால் கதவைச் சாத்துங்கள். நாலடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் உயிர் போனாலோ, மூன்று கட்சியையும் விட்டுவிட்டு உடனே எக்ஸ்ரே எடுங்கள்.