ஒழுகும் கூரை

கம்போங் ராஜா சாப்பாட்டுக் கடையில், புளூ வேலி தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இருவர் தே தாரேக்கோடு இந்தியாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எஸ்-400 வான்காப்பு இருக்குண்ணே, ஒண்ணும் உள்ளே வராது!"

"போடா தம்பி, நம்ம காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரையே மழைக்கு ஒழுகுது."

அண்ணன் பக்கம் சாட்சி உண்டு. 2024 அக்டோபர் 1 அன்று ஈரான் ஏவிய சுமார் 180 ஏவுகணைகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்ததாக இஸ்ரேல் சொன்னது. ஆனாலும் நெவாதிம் விமானத் தளத்தில் சில விழுந்தன. ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் இடைவெளி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். டில்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் நடுவே எழுநூறுகூட இல்லை. ஏவுகணைக்குச் சில நிமிடப் பறப்பு. தே ஆறுவதற்குள் வந்துவிடும்.

ஒன்றிலேயே பல வெடிமுனை கொண்ட அபாபீல் ஏவுகணையை 2017இலேயே பாகிஸ்தான் சோதித்துவிட்டது. இந்தியாவோ 2024 மார்ச்சில் பல முனை அக்னி-5, ஜூலையில் தடுப்பு ஏவுகணை என்று கூரையையும் ஆலங்கட்டியையும் ஒரே கடையில் விற்கிறது.

கடைக்காரர் பில்லை நீட்டினார். அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தார்.