ஜெனரலா சொன்னேன்

"நான் ஜெனரலாத்தான் சொன்னேன்" என்று ஒருவர் சொன்னால், சந்தேகமே வேண்டாம், அவர் உங்களைத்தான் சொல்லியிருக்கிறார். எங்கள் சித்தப்பா இதில் கைதேர்ந்தவர். கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு, "சில பேர் மூணாவது தடவையும் பாயசம் கேக்கறாங்க, சுகர் ஏன் வராது?" என்பார். அந்த வரிசையில் பாயச வாளியையே பார்த்துக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். நிமிர்ந்தால், "உன்னை இல்லைப்பா, ஜெனரலா சொன்னேன்."

எல்லாருக்கும் பொதுவான சொல் எப்படி ஒரே ஆளைக் குத்தும் என்று யோசித்துப் பார்த்தேன். வெள்ளைக்காரனே அதை அப்படித்தான் வைத்திருக்கிறான். முன்னால் வந்தால் கூட்டம், பின்னால் வந்தால் பெரிய மனிதர். ஜெனரல் ஆஸ்பத்திரி, ஜெனரல் வார்டு, ஜெனரல் பெட்டி எதிலும் நிற்க இடமிருக்காது. கவர்னர் ஜெனரல் என்றாலோ நாட்டுக்கே ஒருவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியர், 1948 முதல் 1950 வரை, நம் ராஜாஜி. (ஜெனரல் மேனேஜர் இந்த விதிக்கு அடங்கமாட்டார். அவர் எந்த விதிக்கும் அடங்குவதில்லை.)

பட்டாளத்தில் கூத்து இன்னும் அதிகம். மேஜருக்குக் கீழேதான் லெப்டினன்ட். ஆனால் லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கீழேதான் மேஜர் ஜெனரல். காரணம், மேஜர் ஜெனரல் அந்தக் காலத்தில் சார்ஜன்ட் மேஜர் ஜெனரல். சார்ஜன்ட் உதிர்ந்துவிட்டது, உட்கார்ந்த இடம் மட்டும் மாறவில்லை. வெறும் ஜெனரலும் ஒரு காலத்தில் கேப்டன் ஜெனரல்தான். ஊரில் பட்டப்பெயர் நிலைத்து வைத்த பெயர் மறந்துபோவதுபோல, கேப்டன் காணாமல்போய் அடைமொழியே பதவியாகிவிட்டது.

இந்தச் சொல்லின் முழுப் பொருளும் தெரிய வேண்டுமானால் அகராதி போதாது. பொங்கலுக்கு முந்தின நாள் எழும்பூருக்குப் போக வேண்டும். ரயில் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு, கைப்பை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு எல்லாம் பறந்துபோய் சீட்டில் விழும். உள்ளே ஏறி உட்காரப் போனால், "ஆள் வர்றாங்க" என்று துண்டின் சொந்தக்காரர் தடுப்பார். முன்பதிவே இல்லாத பெட்டியில் துண்டுக்கு முன்பதிவு! நான் கழிவறைக் கதவோரம் நின்றபடியே விழுப்புரம் வரை போனேன். அதுவரை எந்த ஆளும் வரவில்லை. துண்டு மட்டும் சுகமாகப் பயணம் செய்தது.

ஜெனரல் டிக்கெட் ரயிலில் ஏறத்தான் உரிமை தருகிறது, உட்கார அல்ல. ஆகவே பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள், 60 நாளுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.