லூமிக்ஸ் ஜி.எஃப்.1-க்கு நேர் வாரிசு அவசியமா? நல்லதண்ணிச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பானசோனிக் நிறுவனம் 2009 செப்டெம்பரில் லூமிக்ஸ் ஜி.எஃப்.1 என்ற கமராவை அறிவித்தது. உள்ளே மிரர் கிடையாது, லென்ஸைக் கழற்றி மாற்றலாம், 12 மெகாபிக்சல், லென்ஸ் இல்லாமல் 285 கிராம். அது பிறந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்னும் கமராக் குலமே அதற்கு முந்தைய ஆண்டு ஜி1 கமராவோடுதான் தொடங்கியிருந்தது. ஆகவே ஜி.எஃப்.1 மூத்த தலைமுறை. மூத்தவர் என்றால் வாரிசு யார் என்ற கேள்வி வரும், வந்தது, இன்னும் தீரவில்லை. இதைப் பற்றி வாதிட்டோர் எவரும் நல்லதண்ணிக்கு வந்து களஆய்வு செய்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. களமும் முறையியலும்

களம், சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணி. டிசெம்பர் போயா முதல் மே வெசாக் வரை யாத்திரை சீசன். அப்போது இங்கே ஆய்வாளருக்குக் கால் வைக்க இடமில்லை. எனவே மழையும் அட்டையும் மட்டுமே வருகை தரும் மாதங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மாதிரி, ஒரே ஒரு கமரா. அதன் உரிமையாளர் ஆய்வாளரே. பக்கச்சார்பு நூறு வீதம்.

சோதனை ஒன்று: கமராவை மூடுபனியை நோக்கிப் பிடித்தல். இதன் ஓட்டோ ஃபோகஸ், காட்சியில் உள்ள இருள்–ஒளி வேறுபாட்டைத் தேடிப் பிடித்து வேலை செய்வது. நல்லதண்ணிப் பனியில் அந்த வேறுபாடு இல்லை. லென்ஸ் முன்னும் பின்னும் போய்வந்து, கடைசியில் சிவப்புக் கட்டம் காட்டிக் கைவிரித்தது. எதிரே நின்ற கொழுந்துக் கூடைக்காரம்மாவுக்கு ஃபோகஸில் பிரச்சினை இருக்கவில்லை. “என்னா தம்பி, படம் விழலியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

3. வாரிசு வகைகள்

வாரிசு மூவகைப்படும்: பெயர்வழி, உடல்வழி, இடம்வழி.

பெயர்வழி: 2010 நவம்பரில் ஜி.எஃப்.2 வந்தது. தலையிலிருந்த மோட் டயல் போய், அதன் வேலை தொடுதிரைக்குள் புகுந்தது. 2011இல் ஜி.எஃப்.3 வந்தது, வெளி ஃபிளாஷ் மாட்டும் ஹொட் ஷூவும் போயிற்று. அடுத்தது ஜி.எஃப்.5, நான்காம் எண்ணில் பிள்ளை பிறக்கவே இல்லை. பெயர் தொடர்ந்தது, அவயவங்கள் குறைந்தன. இதற்கு உள்ளூர்ச் சான்று மஸ்கெலியா. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் பழைய பட்டணத்தை மூடியது. பெயர் மட்டும் மேட்டில் ஏறிப் புதுப் பட்டணத்தில் குடியேறியது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். பார்க்கச் சனம் திரளும். புதுப் பட்டணத்தைப் பார்க்க அப்படி யாரும் திரள்வதில்லை. சாமான் வாங்கத்தான் போகிறார்கள். பெயர்வழி வாரிசுக்கு முகவரி கிடைக்கும், மரியாதை பழையதற்கே என்பது பெறப்படும்.

உடல்வழி: 2011 நவம்பரில் ஜி.எக்ஸ்.1 அறிவிக்கப்பட்டது. 16 மெகாபிக்சல். டயலும் ஹொட் ஷூவும் திரும்பி வந்தன. உண்மையான வாரிசு இதுவே எனப் பலர் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் இனிஷியல் வேறு. அஃதேல், தாயை அப்படியே உரித்துவைத்த வாரிசு உலகில் இல்லையோ எனின், உண்டு, அது வி.பி. தேயிலை. தாய்ச்செடியின் தண்டை வெட்டி நட்டு வளர்ப்பது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.ஆர்.ஐ. 2025 என்ற இரகத்தின் பெயரே கமரா மாடல் போலத்தான் இருக்கிறது. மலை முழுதும் ஒரே முகம். ஆனாலும் ஆணிவேர் இறங்கிய பழைய விதைத் தேயிலைதான் வரட்சியைக் கூடுதலாகத் தாங்கும் என்பது தோட்டத்தில் எல்லோரும் அறிந்தது. மேலும் ஒரு தருக்கச் சிக்கல் உண்டு. புதிய கமரா பழையதை முற்றும் ஒத்தால் வாங்கக் காரணமில்லை. ஒவ்வாவிட்டால் அது வாரிசில்லை. நேர் வாரிசு கேட்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அங்கே கடை எதுவும் திறந்திருப்பதில்லை.

இடம்வழி: ஹட்டனில் போன் கடையில் வேலை செய்யும் மருமகன் தன் கைபேசியைத் தூக்கிக் காட்டி, “மாமா, வாரிசு இதுதான்” என்றான். மலையுச்சியில் சூரியன் எழும்போது உயரும் கைகளில் இருப்பதெல்லாம் அதுவே என்பதால் இவ்வாதத்தை எளிதில் தள்ள முடியாது. இதற்கும் உள்ளூர்ச் சான்று உண்டு. 1869இல் இலங்கைக் கோப்பியில் துரு நோய் கண்டது, தோட்டங்கள் அழிந்தன. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பியின் பிள்ளை அல்ல தேயிலை. ஆனால் கோப்பியின் நிலம், பாதை, லயம், ஆள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. கைபேசியும் அவ்வாறே. எனினும் இடம் பிடித்தவரை நேர் வாரிசு என்பது வழக்கில் இல்லை. மருமகனும் இதை ஒப்புக்கொண்டான். கடையில் ஆள் வந்துவிட்டது.

4. கோட்பாடு

மூவகையும் பொருந்தாதபோது பிழை கேள்வியில் இருக்கலாம். ஜி.எஃப்.1-உடன் சேர்த்து விற்கப்பட்ட 20 மி.மீ., எஃப் 1.7 லென்ஸை 2023இல் வந்த ஜி9 மார்க் 2 கமராவிலும் மாட்டலாம். இடையில் எத்தனை உடல்கள் வந்து போயினும் லென்ஸ் பூட்டும் அந்த வளையம் மாறவில்லை. ஆகவே பரம்பரை ஓடுவது உடலில் அன்று, வளையத்தில் என்க. சொத்தும் அதுவே, வாரிசுரிமையும் அதுவே. பழைய உடலுக்கு வேண்டியது பிள்ளை அல்ல, பெட்டரி. இலித்தியம் பெட்டரி பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் கிழடாகும், ஜி.எஃப்.1-இன் பெட்டரியோ ஜி.எஃப்.2-க்குக்கூடப் பொருந்தாது. வாரிசு கேட்டு எழுதப்பட்ட மனுக்களில் பாதியையாவது பெட்டரி கேட்டு எழுதியிருந்தால் இந்த ஆய்வே தேவைப்பட்டிராது.

5. முடிபு

நேர் வாரிசு அவசியமில்லை. அவசியம் என்று சொல்பவருக்கு வேண்டியது கமரா அல்ல. முன்பு தாம் வாங்கியது சரிதான் என்று நிறுவனம் தரும் சான்றிதழ்.

6. புறத்தேர்வாளர் குறிப்பு

ஆய்வு முழுவதும் அடுத்த லயத்துப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டப்பட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி தம்பி, போன தீவாளிக்கு எங்கள நிக்க வச்சு எடுத்தியே, அந்தப் படம் எங்க?” என்றார். ஆய்வேடு திருத்தங்களுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டுள்ளது.