மேன்மைதங்கிய பெயரிடப்படாத பட்டன் அவர்களுக்கு

இணையவழிக் கல்வியின் கலங்கரை விளக்கமே, பணிவான வணக்கம். விளிப்பில் மரியாதைக் குறைவு தெரிந்தால் பொறுத்தருள வேண்டும். தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை முகப்பில் பொன்னிறத்தில் பொறித்திருக்கிறீர்களாம். அது படமாகப் போய்விட்டதால், திரையில் உள்ள எழுத்தை எங்களுக்கு உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வெறும் 'கிராஃபிக்' என்கிறது. துணைவேந்தரின் திருவுருவம் 'படம் 47'. விண்ணப்பிக்க அழுத்த வேண்டியது 'பெயரிடப்படாத பட்டன்'. அதற்கு அடுத்ததும் அதுவே. தாங்கள் எப்படி அறிமுகமாகிறீர்களோ அப்படி அழைப்பதுதானே முறை?

இந்த மடலுக்குக் காரணம் தங்கள் உதவி மையத்தின் கருணை. கேப்சா படத்தில் நெளிந்து கிடக்கும் எழுத்துகளைப் பார்வையற்றவர் எப்படித் தட்டச்சு செய்வது என்று சிதம்பரத்திலிருந்து ஒருவர் கேட்டதற்கு, 'பார்வையுள்ள துணையாளருடன் கடலூர் மையத்துக்கு நேரில் வரவும்' என்று பதில் வந்திருக்கிறது. விளம்பரத்தில் வீட்டிலிருந்தே பட்டம். விண்ணப்பிக்க மட்டும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணம், கூடவே இரண்டு கண்கள் வாடகைக்கு. சிதம்பரம் இதைவிட நல்ல காலத்தைப் பார்த்த ஊர். 1929-இல் அங்கே பல்கலைக்கழகம் வந்தது. 1979-இல் தொலைதூரக் கல்வி தொடங்கியது. தபாலில் வந்த பாடப் புத்தகத்தைத் தம்பியோ தோழியோ ஓய்வான நேரத்தில் உரக்கப் படித்துக் காட்டலாம். தங்கள் பாடமோ, லாகின் காலாவதியாகும் முன், நேரக்கணக்கு ஓட ஓட, மவுஸால் இழுத்துப் பொருத்தும் கேள்விக்கு விடை கேட்கிறது. பார்வையற்றவருக்கு இணையத்தைவிடத் தபால்காரர் நெருக்கமாக இருந்தார் என்று ஆக்கிக் காட்டுவது எளிதான சாதனையா?

இத்தனைக்கும் கம்ப்யூட்டரில் உள்ள பாடத்தைக் கேட்டுப் படிப்பது இன்று விந்தையல்ல. என்விடிஏ என்ற திரைவாசிப்பானை 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் உருவாக்கத் தொடங்கினார். காசில்லாமல் கிடைக்கிறது, தமிழும் வாசிக்கிறது. ஆனால் அது எழுத்தைத்தான் வாசிக்கும். தாங்கள் தருவது ஸ்கேன் செய்த பிடிஎஃப், அதாவது பக்கத்தின் புகைப்படம். அது இல்லாவிட்டால், ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போர்த்தும் பழைய பாமினி எழுத்துருக் கோப்பு. அதில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவதைத் திரைவாசிப்பான் 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்' என்று ஓதும். தமிழிலக்கியத் தாள் முழுவதையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள், பட்டன் அவர்களே. மந்திர உபதேசம் போலவே இருக்கும். இந்தக் கோளாறு இல்லாத யூனிகோடைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது 2010-இல். வீடியோ வகுப்பிலோ பேராசிரியர் 'இதைப் பார்த்தீங்கன்னா, இது இங்கேருந்து இப்படிப் போகுது' என்கிறார். எது, எங்கிருந்து, எப்படி என்று மூன்று வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் பார்வையுள்ள மாணவருக்கும் புரிந்திருக்கும்.

'எத்தனை பேர் இருக்கிறார்கள் இதற்கு?' என்று படம் 47 கேட்கக்கூடும். 2011 கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் நாட்டில் 50 லட்சம் பேர். உள்ளே வர வழியில்லாத இடத்தில் தலை எண்ணி, யாரும் வரவில்லையே என்பது நல்ல கணக்கு. 'செலவு' என்பது அடுத்தது. பட்டனுக்குப் பெயரிட ஆகும் செலவு, நிரலில் ஒரு வரி. பழைய பாடங்களைத் திருத்தப் பணம் வேண்டும்தான், மறுக்கவில்லை. புதிய பாடத்தை ஏன் பழுதாகவே பெற்றெடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. 'செயற்கை நுண்ணறிவு வந்து படத்தையெல்லாம் படித்துவிடும்' என்பது புதிய சமாதானம். இரண்டு பத்தியாக அச்சிட்ட மங்கலான நகலில் அது ஒற்றை எழுத்தைத் தவறவிட்டால், மதிப்பெண்ணை யாரிடம் கேட்பது?

கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. கட்டாயப்படுத்தினால் கடையையே சாத்திவிடுவார்கள் என்பது அது. நடந்ததும் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டவில்லை என்று அந்நாட்டு நீதித்துறை 2016-இல் சொன்னதும், 2017-இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப்பார்வையிலிருந்தே விலக்கினார்கள். யாருக்கும் லாபமில்லாத முடிவு. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2022-இல் அதே பல்கலைக்கழகம் தன் பாடங்களை எட்டும்படி செய்ய நீதித்துறையோடு உடன்பாட்டுக்கு வந்தது. நெருக்கிப் பிடித்ததால் நடந்தது. நம் ஊரில் இல்லாதது அந்த நெருக்கடிதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடத்தை ஒதுக்கச் சொல்கிறது. மின்னணு வடிவில் உள்ளதெல்லாம் எட்டும்படி இருக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. மீறினால் முதல் முறை அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். 2022-இல் யுஜிசி அணுகல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வழிகாட்டுதல் என்றால் விரும்பியவர் போகும் வழி. அறிவுரையை வைத்துக்கொண்டு கட்டாயத்தைக் கைவிட முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமைச் சட்டத்தின் கீழ் வகுத்த விதி 15(1)-ஐயே செல்லாது என்றது; கட்டாயத் தரங்களை வகுக்க மூன்று மாதம் கொடுத்தது. 2025 ஏப்ரலில் டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்றும் சொல்லிவிட்டது. இடத்தை ஒதுக்குகிறீர்கள், கட்டணத்தை வாங்குகிறீர்கள், பாடத்தைப் பூட்டி வைக்கிறீர்கள். இது கவனக்குறைவு அல்ல, ஏமாற்று. படிப்புக்குக் கட்டணம் கட்டியவரைத் துணைக்கு ஆள் தேட வைக்கும் இந்தத் திமிருக்கு வேறு பெயர் இல்லை.

குரல் சற்று உயர்ந்துவிட்டது. சமுகம் மன்னிக்க வேண்டும். தங்கள் கல்வித் தொண்டில் எமக்கு ஐயமே இல்லை. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாளை அறிவித்திருக்கிறீர்கள் என்று பார்வையுள்ளவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தேதியும் ஒரு படத்துக்குள் இருக்கிறதாம். அதை மட்டும் இன்றே எழுத்தில் போட்டு அருளுங்கள். அபராதமில்லாமல் கட்டணத்தைக் கட்டிவிட்டு, மற்றதை நீதிமன்றத்தில் பேசிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் தளத்தைக் காதால் படிப்பவர்கள் சார்பாக,
கடலூர் மாவட்டத்திலிருந்து