கார்ட்ரிட்ஜுக்கு மறுமணம் கூடாதோ?

பிறர் சில்லு பொருத்திய கார்ட்ரிட்ஜைப் பிரிண்டருக்குள் விடாத 'டைனமிக் செக்யூரிட்டி' என்னும் காவல் தெய்வத்தைப் பேணிவரும் ஹெச்பி நிறுவனத்தாருக்கு,

பூமியின் மேல் உங்களுக்குள்ள கரிசனத்தைப் பாராட்டவே எழுதுகிறேன். தீர்ந்த கார்ட்ரிட்ஜைத் திருப்பித் தந்தால், நொறுக்கி உருக்கி, புதிய கார்ட்ரிட்ஜுக்கான பிளாஸ்டிக் ஆக்கிவிடுகிறீர்கள். நல்ல காரியம்தான். நொறுக்கும் அளவுக்கு அது செய்த குற்றம் என்ன என்பதுதான் விளங்கவில்லை. லேசர் கார்ட்ரிட்ஜில் தீர்வது டோனர் தூள். தேய்வது டிரம்மும் பிளேடும். கூடு, காந்த உருளை, பற்சக்கரங்கள் எல்லாம் பெரும்பாலும் திடமாகவே இருக்கின்றன. மறுதயாரிப்பாளர் அதைப் பிரித்து, கழிவுத் தூளைக் கொட்டி, தேய்ந்ததை மட்டும் மாற்றி, தூள் நிரப்பி, ஒரு தாள் அடித்துப் பார்த்துத் தருகிறார். உருக்கினால் மூலப்பொருள் மட்டுமே மிஞ்சும். வார்க்கவும் கடையவும் கோக்கவும் முன்பே செலவான ஆற்றல் அத்தனையும் போச்சு. தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று ஓட்டை விழாத பித்தளைக் குடத்தை உருக்கி, மறுபடி குடமே வார்ப்பவரை ஊரில் என்ன சொல்வார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டமும் மறுபயன்பாட்டை மறுசுழற்சிக்கு ஒரு படி மேலேதான் வைத்திருக்கிறது.

நீங்களோ கற்பு நெறியில் உறுதியானவர்கள். 'கார்ட்ரிட்ஜ் ப்ரொடெக்ஷன்' என்ற அமைப்பை இயக்கிவிட்டால், ஒரு பிரிண்டருக்கு வாழ்க்கைப்பட்ட கார்ட்ரிட்ஜ் பிறகு வேறொரு பிரிண்டரில் கால் வைக்க முடியாது. 2016 செப்டம்பரில், அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அந்நியச் சில்லுக் கார்ட்ரிட்ஜுகளைப் பல பிரிண்டர்கள் ஒரே நாளில் துரத்திவிட்டன. சரியாக அறிவிக்கவில்லை என்று நீங்களே வருத்தம் தெரிவித்தீர்கள். 2020இல் இத்தாலியப் போட்டி ஆணையம் இந்தப் பூட்டு விவகாரத்தில் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. உங்கள் சகபாடி லெக்ஸ்மார்க்கும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு கார்ட்ரிட்ஜ் விற்றது. விற்றதோடு காப்புரிமையின் பிடி விட்டுப்போகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஆனால், சட்டம் விட்ட பிடியைச் சில்லு விடவேண்டுமே.

உங்கள் பக்கத்து வாதம் ஒன்றுக்குக் கனம் உண்டு. அச்சிட்ட ஒரு பக்கத்தின் சுற்றுச்சூழல் சுமையில் பெரும்பங்கு காகிதத்துடையது. மட்டமாக நிரப்பிய கார்ட்ரிட்ஜ் கோடு கோடாக அடித்து, ஒரே கடிதத்தை இரண்டு முறை அச்சிட வைத்தால், மிச்சம் பிடித்ததெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து தரக் கட்டுப்பாடு. மறுநிரப்பல் டோனருக்கு ஜெர்மனியில் டிஐஎன் 33870 என்ற தரநிலை இருக்கிறது. அந்த நாட்டின் 'நீலத் தேவதை' சூழல் முத்திரையும் மறுதயாரிப்புக்குக் கிடைக்கிறது. உங்கள் பூட்டு தாளைப் பார்ப்பதே இல்லை. எழுத்து முத்து முத்தாக விழுந்தாலும் சில்லின் குலம் கோத்திரம்தான் அதற்குக் கணக்கு. 'எங்கள் சொந்தச் சில்லோடு மறுநிரப்பினால் தடை இல்லை' என்கிறீர்கள். பெருந்தன்மைதான். பழைய சில்லு கெட்டால் மறுதயாரிப்பாளர் மாற்றுச் சில்லு தேட வேண்டும். அங்கே வாசலில் நிற்கிறது உங்கள் காவல் தெய்வம். நல்ல கூடு சில்லோடு சேர்ந்து சாக வேண்டியதுதான்.

கார்ட்ரிட்ஜ் வழியாக வைரஸ் நுழையலாம் என்று 2024 ஜனவரியில் உங்கள் அப்போதைய தலைமை நிர்வாகி என்ரிக்கே லோரஸ் எச்சரித்தார். காலித் தூள் டப்பாவுக்குள் கணினியின் கதவைத் திறக்கும் சில்லை வைத்தது யார் என்று கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும், விட்டுவிடுகிறேன். உங்கள் மையும் டோனரும் வாங்காத வாடிக்கையாளர் மோசமான முதலீடு என்று அதே பேட்டியில் அவர் சொன்ன பிறகு, வைரஸ் பயத்துக்கு வேறு விளக்கம் தேடும் வேலையும் மிச்சமாயிற்று.

அடுத்த அப்டேட்டில் ஒரே ஒரு சலுகை கேட்கிறேன். 'அசல் அல்ல' என்று எச்சரிக்கும் அந்தத் திரையில், இந்தக் கூடு எத்தனையாவது முறையாக நிரம்பியிருக்கிறது என்ற எண்ணைக் காட்டுங்கள். அச்சையும் நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மோசமான முதலீடு